மேடையில் பக்கம் மாறி உட்கார வேண்டியிருந்த மிருதங்க மேதை: யார் இந்தப் பழனி சுப்பிரமணிய பிள்ளை? ஏஐ தேடல் ஏன் இவரிடம் தடுமாறுகிறது?

மிருதங்கத்துல நம்பர் ஒன் யார்னு மார்கழி சீசனில் சபா கேன்டீனில் கேட்டுப் பாருங்கள். காபி ஆறிவிடும், சண்டை ஆறாது. அதே கேள்வியை ஏஐ தேடலில் தட்டினால் சண்டையே கிடையாது. நாலு வரியில் ஒரு பதில் வந்து நிற்கும், கேட்டவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு குழுவுக்கு யார் தலைவர், யார் முதல் ஆள் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயரைப் பதிலாகத் தந்துவிட முடியுமா? திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி ஊர்ப்பெயரைத் தன் பெயராகவே சுமந்த ஒரு கலைஞரின் வாழ்க்கையைப் பார்த்தால், அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். அவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் சி.எஸ்.முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் கொண்டாடிய மூவரில் ஒருவர். இறந்து 60 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தவில் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை

பிறந்தது 1908. அப்பா பழனி முத்தையா பிள்ளையும் பெரிய லய வித்வான். முத்தையா பிள்ளையின் குரு புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. இந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பஜனைகளில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். உடும்புத் தோல் போர்த்திய அந்தச் சின்ன வட்டத்தில் இவ்வளவு கணக்கு இருக்கிறதா என்று மற்ற வித்வான்களை மலைக்க வைத்தவர். அவர் வழியில் வந்த வாசிப்புக்குப் புதுக்கோட்டை பாணி என்று பெயர். தஞ்சாவூர் பாணி பாட்டோடு ஒட்டிப் போவதில் பேர் வாங்கியது என்றால், புதுக்கோட்டை பாணியின் பலம் லயக் கணக்கு.

அந்தக் குருகுலத்தின் இன்னொரு சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தன் காலத்தில் அசைக்க முடியாத ஆள். அவர் 1936-இல் மறைந்தார். அவருக்குப் பின் தாள வாத்தியத்தில் யார் முதல் ஆள் என்ற கேள்வி எழுந்த காலத்தில்தான் சுப்பிரமணிய பிள்ளையும் மணி ஐயரும் முன்வரிசைக்கு வருகிறார்கள்.

பழனியைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று காவடியும் நாகஸ்வரமும் தவிலும் அடிவாரத்தை அதிர வைக்கும் ஊர். அங்கே ஒரு லய வித்வான் வீட்டுப் பிள்ளை தாளத்தோடு வளர்வது இயற்கை. ஆனால் சுப்பிரமணிய பிள்ளையிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் ஊர் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர்.

இடது கை வாசிப்பில் அப்படி என்ன பிரச்னை?

இதைப் புரிந்துகொள்ள மிருதங்கத்தைக் கொஞ்சம் பார்க்கணும். அதன் ஒரு முகம் வலந்தலை. நடுவில் கருப்பாகக் கரணை இருக்கும், நாதம் கணீரென்று வருவது இங்கிருந்துதான். இன்னொரு முகம் தொப்பி. இதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், அடிநாதம் வருவது இங்கே. பெயரே சொல்கிறதே, வலந்தலை வலது கைக்கானது. இடது கைக்காரர் வாத்தியத்தைத் திருப்பிப் போட்டு வாசிப்பார். வாசிப்பில் குறை எதுவும் வராது. உட்காருவதில்தான் வரும்.

கச்சேரியில் பாடகர் நடுவில் சபையைப் பார்த்து உட்காருவார். மிருதங்கம் அவருடைய வலது பக்கம், வயலின் இடது பக்கம். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது அவருடைய வலது கை, அதாவது வலந்தலை, சபையை நோக்கி இருக்கும். நாதம் நேராக ரசிகரிடம் போகும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்க்கும். ஒலிபெருக்கி இல்லாத, இருந்தாலும் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

அப்போ என்ன வழி? இடது கை மிருதங்கக்காரர் பாடகரின் இடது பக்கம் போகணும். அங்கே ஏற்கெனவே வயலின் இருக்கிறது. வயலின்காரர் எழுந்து எதிர்ப்பக்கம் போகணும். போனால் வில் பிடிக்கும் கை சபைப் பக்கம் வரும், வாத்தியத்தின் முகம் மாறும், பாடகரைப் பார்த்துப் பழகிய கோணமும் மாறும். வருஷக்கணக்காக ஒரே பக்கம் உட்கார்ந்து பழகியவருக்கு இது சங்கடம். அதை விட, தன்னைவிட இளையவருக்காகத் தன் இடத்தை விட்டுத் தருவது இன்னும் பெரிய சங்கடம். சில வயலின் வித்வான்கள் மாட்டேன் என்றார்கள். வயலின்காரர் மறுத்தால் கச்சேரி இடது கைக்காரருக்கு இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

திறமை குறைவு என்று எவரும் சொல்லவில்லை. உட்கார இடம் இல்லை என்றார்கள். ஒருவருடைய வாய்ப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட மரியாதையான காரணம் வேறு கிடைக்காது!

செம்பை எடுத்த முடிவு

இந்த இடத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் வருகிறார். பாலக்காட்டுப் பக்கத்துச் செம்பை கிராமத்துக்காரர், கணீர்க் குரல், மேடையில் எவருக்கும் அஞ்சாதவர். இளைஞர்களைத் தூக்கிவிடுவதில் அவருக்கு இணை குறைவு. மணி ஐயரைச் சிறு வயதிலேயே மேடையேற்றி வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். அவரே சுப்பிரமணிய பிள்ளைக்கும் துணை நின்றார். தன் கச்சேரிகளில் அவரை வாசிக்க வைத்தார். வயலின் பக்கம் மாறித்தான் ஆகணும் என்றால் மாறட்டும் என்ற நிலையை எடுத்தார்.

கர்நாடகக் கச்சேரியில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். நடுவில் உட்கார்ந்திருக்கும் பாடகர் நினைத்தால்தான் ஓரத்தில் இருப்பவரின் இடம் மாறும். செம்பைக்கு வாசித்துப் பேர் வந்த பிறகு மற்ற முன்னணிப் பாடகர்களும் அவரை விரும்பி அழைத்தார்கள். இடப் பிரச்னை மெல்ல மெல்ல ரசிகர்களுக்கு மறந்தே போனது. அவர் வாசித்தால் பக்கம் மாறும், அவ்வளவுதான் என்றாகிவிட்டது.

அவருடைய வாசிப்புக்கு என்று சில அடையாளங்கள் உண்டு. வேகத்தைக் காட்டி மிரட்ட மாட்டார். விளம்ப காலத்தில், அதாவது நிதானமான நடையில், சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு வாசிப்பார். மெதுவாக வாசிப்பது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. வேகத்தில் ஒரு சொல் நழுவினால் சபைக்குத் தெரியாது, நிதானத்தில் தெரிந்துவிடும். தொப்பியில் அவர் எழுப்பிய கும்கியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அப்பா வழியில் வந்த கணக்கும் கெடாமல், பாட்டும் கெடாமல் வாசித்தார்.

மணி ஐயர் கட்சி, பழனி கட்சி

மணி ஐயர் பிறந்தது 1912. பழனியைவிட நாலு வயது இளையவர். தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர், அதாவது தஞ்சாவூர் பாணி. பத்து வயதைத் தாண்டியதுமே பெரிய மேடைகளில் வாசிக்க ஆரம்பித்தவர். கர்நாடக இசையில் மிருதங்கத்தின் மதிப்பையே உயர்த்தியவர் என்பதில் எந்தக் கட்சிக்காரருக்கும் மறுப்பு கிடையாது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இவர் பெரியவரா, அவர் பெரியவரா என்ற வாதம் பல ஊர்களில் நடந்தது. சினிமாவில் பாகவதரா, சின்னப்பாவா என்று நடந்த அதே காலம் அது. இது கலைஞர்களின் போட்டியா, ரசிகர்களின் போட்டியா என்று கேட்டால், மேடையில் நடந்ததைப் பார்ப்பது நல்லது.

மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளில் சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிரா வாசித்திருக்கிறார். இதன் எடை சாதாரண ரசிகருக்கு உடனே புரியாது. தாள வாத்தியங்களில் மிருதங்கம்தான் தலைமை. தனி ஆவர்த்தனத்தை ஆரம்பிப்பதும் முடிவை நோக்கி நடத்துவதும் மிருதங்கம். கஞ்சிராவுக்கு உபபக்கவாத்தியம் என்றுதான் பெயர். மிருதங்கத்தில் தானே முதல் வரிசையில் இருக்கும் ஒருவர், எதிர்க்கட்சி என்று ரசிகர்கள் சொல்லும் ஆளுக்கு அருகில் இரண்டாவது இடத்தில் உட்காருகிறார். இதைத் தோல்வி என்று படிக்கலாம். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் அப்படிப் படிக்க மாட்டார். மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்கும், கஞ்சிரா பதில் சொல்லும். பிறகு சுற்றின் அளவைக் குறைத்துக் குறைத்து இரண்டும் மாறி மாறிப் பேசும். கடைசியில் மோராவும் கோர்வையும் சேர்ந்து வாசிப்பார்கள். பதில் சரியில்லாவிட்டால் கேள்விக்கும் மதிப்பில்லை. அந்த நிமிஷங்களில் தலைமை ஒரே இடத்தில் நிற்பதில்லை, கை மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கஞ்சிராவை ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுவார்கள். எந்தக் கை என்பதால் எவரும் எழுந்து பக்கம் மாற வேண்டியதில்லை.

1962 மே: ஒரு மறைவு, ஒரு விளம்பரம்

சுப்பிரமணிய பிள்ளை 1962 மே 27-ஆம் தேதி காலமானார். ஐம்பத்து சொச்சம்தான் வயது. சங்கீத வித்வான்களுக்கு அது பெயரும் பட்டமும் வந்து சேரும் பருவம்.

மணி ஐயர் 1981 வரை வாழ்ந்தார். நடுவில் 19 வருஷம். 1965-இல் எடின்பரோ விழாவில் வாசித்தார். 1966-இல் மெட்ராஸ் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் முறை. அதற்கு முன் பக்கத்தில் உட்காரும் மிருதங்கக்காரர் அந்தத் தலைமை நாற்காலிக்கு உரியவர் என்றே கருதப்படவில்லை. 1971-இல் பத்ம பூஷண். எல்லாமே அவருக்குத் தகுந்தவைதான். ஆனால் அந்தக் கதவு திறந்தபோது பழனி உயிரோடு இல்லை.

அதே 1962 மே மாதம் லண்டனில் பிரையன் ஜோன்ஸ் என்ற 20 வயது இளைஞர், குழு அமைக்க ஆள் தேவை என்று ஒரு ஜாஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அந்தக் குழுதான் ரோலிங் ஸ்டோன்ஸ். பெயர் வைத்தவரும் அவரே. ஆரம்பத்தில் தலைவரும் அவரே. பிறகு மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். பாட்டு எவர் பெயரில் இருக்கிறதோ தலைமை அவர்களிடம் போனது. 1969 ஜூனில் பிரையன், தான் உருவாக்கிய குழுவிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அடுத்த மாதம் 3-ஆம் தேதி வீட்டு நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தார். வயது 27. ரோலிங் ஸ்டோன்ஸின் தலைவர் யார் என்ற கேள்விக்கு எந்த வருஷத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில். மிருதங்கக் கேள்விக்கும் அதே கதைதான்.

சரி, ஏஐ இதில் எங்கே வழுக்குகிறது?

ஏஐ தேடல் ஒரு நூலகர் மாதிரி புத்தகத்தை எடுத்துக் கையில் தருவதில்லை. இணையத்தில் கிடைக்கும் பக்கங்களைத் திரட்டி, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்ற கணக்கில் ஒரு புதுப் பத்தியை எழுதுகிறது. அதிகம் எழுதப்பட்டவர் அதில் பெரியவராகத் தெரிவார். பட்டம், விருது, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் தேதியோடு பதிவாகிற விஷயங்கள். செம்பை கச்சேரியில் வயலின்காரர் எழுந்து பக்கம் மாறினார் என்பது எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆக, 1962-இல் இறந்தவரும் 1981 வரை இருந்தவரும் இயந்திரத்தின் தராசில் சமமாகவே ஏறுவதில்லை.

இது முதல் வழுக்கல். அடுத்தது பெயர். பழனி, சுப்பிரமணியர் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துத் தேடினால் எது முதலில் வரும்? மலை மேல் இருக்கும் முருகன்தான். தண்டாயுதபாணி கோயில் நேரம், பஞ்சாமிர்தம், ரோப் கார் எல்லாம் வந்த பிறகுதான் வித்வான் வருவார், வந்தால். போதாததற்கு அவரை ரசிகர்கள் செல்லமாகப் பழனி சுப்புடு என்பார்கள். கர்நாடக இசையில் இன்னொரு சுப்புடுவும் உண்டு. கலைஞர்களைத் தூக்கம் கெட வைத்த விமர்சகர் பி.வி.சுப்பிரமணியம், 2007-இல் மறைந்தவர். இரண்டு சுப்புடுகளும் ஒரே மேடை, ஒரே பாடகர்கள், ஒரே சபாக்களின் பெயர்களோடு எழுதப்பட்டவர்கள். ஒருவருடைய கதையை இன்னொருவர் தலையில் கட்டிவிட இதைவிட வசதி வேண்டுமா?

ஊர் விவரமும் லேசுப்பட்டதல்ல. திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985 செப்டம்பர் 15-இல். அதற்கு முன் பழனி மதுரை மாவட்டம். பழைய குறிப்பில் மதுரை என்றும் புதிய குறிப்பில் திண்டுக்கல் என்றும் இருந்தால், இரண்டும் சரி என்று மனிதருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பழனி என்ற பெயரையே ரெண்டு மூணு விதமாக எழுதுகிறார்கள். குரு பாணியைக் குறிக்கும் புதுக்கோட்டையைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது.

படங்களில் இன்னொரு வேடிக்கை. புகைப்படத்தைத் தெரியாமல் இடவலமாகத் திருப்பிப் போட்டால் இடது கைக்காரர் வலது கைக்காரர் ஆகிவிடுவார். படத்தில் வயலின் வழக்கமான பக்கத்தில் இருக்கிறதே, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று தோன்றும். சந்தேகம் வந்தால் வயலின்காரர் வில்லை எந்தக் கையில் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். இடது கையில் பிடித்திருந்தால் படம்தான் திரும்பியிருக்கிறது.

இதெல்லாம் வெறும் கற்பனைப் பயம் கிடையாது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் தன் ஏஐ சுருக்கத்தைப் பரவலாக்கியபோது, பீட்சாவில் சீஸ் ஒட்டப் பசை சேர்க்கச் சொன்னதும், தினம் ஒரு சின்னக் கல் சாப்பிடச் சொன்னதும் உலகமே சிரித்த செய்திகள். கிண்டலாக எழுதியதை நிஜம் என்று அது எடுத்துக்கொண்டது. அதே ஆகஸ்டில் அந்த வசதி இந்தியாவுக்கும் வந்தது. 2025 அக்டோபரில் பிபிசியும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் ஓர் ஆய்வை வெளியிட்டன. 18 நாடுகள், 14 மொழிகள், 22 பொது ஒலிபரப்பு நிறுவனங்கள். செய்திகள் பற்றி ஏஐ உதவியாளர்கள் தந்த பதில்களில் 45 சதவீதத்தில் குறைந்தது ஒரு பெரிய பிழையாவது இருந்தது. எங்கிருந்து எடுத்தது என்று காட்டுவதில் மட்டும் 31 சதவீதத்தில் பெரிய குறை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்படும் அன்றாடச் செய்திக்கே இந்தக் கதி. 60 வருஷத்துக்கு முன் இறந்த, பதிவுகள் குறைந்த ஒரு தாள வித்வானுக்கு?

கல் சாப்பிடச் சொன்னால் எவரும் நம்ப மாட்டார்கள். நம்பும்படியான தப்புதான் ஆபத்து. தேதி ஒன்று மாறி, குரு பெயர் ஒன்று மாறி வரும் பதிலை மிருதங்கம் கத்துக்கிற பிள்ளை அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதும். அது இணையத்தில் ஏறும். அடுத்த முறை இயந்திரம் அதையே ஆதாரமாக எடுக்கும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

பழனியைப் பற்றித் தமிழில் ஒரு முழு நூலே இருக்கிறது. லலிதாராம் எழுதிய துருவ நட்சத்திரம். அவரோடு பழகியவர்களையும் கேட்டவர்களையும் தேடிப் பிடித்துச் சேகரித்த வாழ்க்கை வரலாறு. ஏஐ தரும் பதிலில் இப்படி ஒரு நூலின் சுவடு கூட இல்லையென்றால் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம். ஒலிப்பதிவுகளும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. காதுள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

மிச்சத்தைச் சீடர்களிடம் தேடலாம். டி.ரங்கநாதன், நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி. பழனியிடம் கற்றதை 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனவர். அங்கே மேற்கத்திய டிரம்ஸ் வாசித்துப் பழகிய கைகள் தொப்பிக்கு ரவை பிசையக் கற்றன. இன்னொருவர் திருச்சி சங்கரன். 1942-இல் பிறந்தவர். 13 வயதில், ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில், குருவோடு ஒரே மேடையில் அரங்கேறியவர். 1971-இல் கனடா போய் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார். வலது கைக்காரரான அவர் பாடகரின் வலது பக்கம், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, இடது கைக்காரரின் பாணியை வாசித்தார். குருவுக்குக் கிடைக்காமலே போன சங்கீத கலாநிதி, 2011-இல் அவருக்குக் கிடைத்தது.